சிறுகக் கட்டிய அச்சகம்

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோர்க்குச் சொல்லப்பட்ட இம்மொழி தொழில் தொடங்குவோர்க்கும் பொருந்துவதே. ஆயினும் தொழிலுலகிலே இதற்கு மாறான கொள்கையே பெருஞ் செல்வாக்குப் பெற்றிருக்கின்றது. வளராத தொழில் தேய்ந்துவிடும். கைமுதல் போதாவிடிற் பிறர் முதலைக் கொண்டாவது அதனைப் பெருக்கவேண்டும் என்று வணிகர் கூறுவர். நெல்லையும் துணியையும் விற்போர்க்கு இஃது ஏற்றதாகலாம். கலையையும் இலக்கியத்தையும் தொழிலாகக் கொண்டோர்க்கும் இது பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு, 1917 ஆம் ஆண்டிலே இலண்டன் நகரின் அயலில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு அறையிலே பிறந்த ஹோகார்த் அச்சகத்தின் வரலாறு நல்லதொரு சான்றாகும். அதனை நிறுவிய இருவருள் ஒருவர் யாழ்ப்பாணத்திலே அரசாங்க சேவையைத் தொடங்கியவர். ஆதலின் அவ்வரலாறு நமக்கு முற்றும் அயலானதுமன்று.

அவர் பெயர் லெனாட் வூல்ஃப். 1880 இற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று, 1904 டிசம்பரிலே இலங்கைக் குடியியற் சேவை அலுவலராகக் கொழும்பிலே வந்திறங்கினார். அடுத்த மாதமே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். கோட்டையினுள்ளே குடியிருந்து, தமிழ் கற்றுக் கச்சேரி அலுவல்களைப் பழகினார். 1906 இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் பணியிலும் ஈடுபட்டார். பின்னர் கண்டியிலும், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் கடமையாற்றினார். காலத்தையும் கணக்கையும் கண்ணெனப் போற்றுதல், வந்த கடிதத்துக்கு வந்த அன்றே மறுமொழி விடுத்தல் ஆகிய பழக்கங்கள் இக்காலத்திலே அவரிடம் ஊறின. 1911 இல் விடுமுறையிலே தாயகஞ் சென்றவர், பேரரசின் ஆட்சிப்பணியில் மனம் ஒப்பாமையாலும், வேர்ஜீனியா ஸ்ரீபன் என்னும் எழுத்தாளரை மணக்க விரும்பியமையாலும், 1912 இற் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே திருமணம் நிறைவேறியது. அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமமொன்றைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1913 இல் வெளிவந்தது.

மணவாழ்வின் முதலாண்டுகள் துன்பம் மிக்கனவாயிருந்தன. 1913 தொடக்கம் 1915 வரை வேர்ஜீனியா கடுமையான மனநோய்க்கு ஆளாகி, உயிர் தப்பி மீண்டார். எழுதுங் காலத்தில் அவருடைய உள்ளம் ஓய்வின்றி உழல்வதைக் கண்ட கணவர், மாலை வேளைகளிற் கைகளாற் செய்யத்தக்க ஒரு வேலை இருப்பின் அது மனத்துக்கு ஆறுதல் தரும் என்று கருதினார். அச்சுத்தொழில் இருவருக்கும் விருப்பமானதாயிருந்தது. அத்தொழிலைப் பயில ஓர் அச்சுப் பள்ளியை நாடினர். தொழிற்சங்க விதிகளுக்கு அமைந்த பயிலுநர்க்கே அங்கு இடமுண்டு என்று கூறி அப்பள்ளியார் மறுத்துவிட்டனர். 1917 மார்ச் 23 ஆந் தேதி, இலண்டனில் ஃபரிங்டன் வீதி வழியே சென்றபோது, அச்சுச் சாதனங்கள் விற்கும் கடையொன்றைக் கண்டு உட்புகுந்தனர். பள்ளி வேண்டியதில்லை, பதினாறு பக்கக் கைந்நூலொன்றே போதும் என்று கடைக்காரர் ஊக்கினார். ஒரு சிறு கையச்சுப்பொறியும் எழுத்துக்களும் பிற சாதனங்களும் 19 பவுண் 5 சிலிங் 5 பென்சுக்கு வாங்கப்பட்டன. றிச்மண்டில் அவர்கள் வாழ்ந்த இல்லத்தின் பெயர் ஹோகார்த் இல்லம். அப்பெயரே அச்சகத்துக்கும் பெயராயிற்று.

அப்பொறி சமையலறை மேசைமீது வைக்கத்தக்க அளவினது. ஒரு வேளையில் ஒரு பக்கம், மிஞ்சினால் இரு சிறு பக்கங்கள், அதிலே அச்சிடலாம். அச்சிட்டபின் எழுத்துக்களைப் பிரித்து, உரிய அறைகளில் இட்டு, மீண்டும் அடுத்த பக்கத்தைக் கோக்கவேண்டும். வேர்ஜீனியா எழுத்துக் கோத்தார். லெனாட் பொறியை இயக்கினார். 1917 யூலையில் முதல் நூல் வெளிவந்தது. கணவர் எழுதிய கதை ஒன்றும் மனைவி எழுதிய கதை ஒன்றும் அதில் அடங்கின. டொறா கறிங்ரன் என்னும் ஓவியர் மரச்செதுக்குப் படங்கள் வரைந்தார். ஏறத்தாழ 150 படிகளே அச்சாகின. அந்நூலுக்கான செலவு 3 பவுண் 7 சிலிங். பொறிக்கும் எழுத்துக்களுக்கும் சாதனங்களுக்குமாக அதுவரை செலவான தொகை 38 பவுண் 8 சிலிங் 3 பென்ஸ். ஆகவே இருவரும் தம் கையிலிருந்து இட்ட முழு முதலும் 41 பவுண் 15 சிலிங் 3 பென்ஸ் மாத்திரமே. அதன்பின் அச்சகத்துக்கு வேண்டிய பணத்தை அச்சகமே ஈட்டிக்கொண்டது என்றும், வெளியே முதல் தேடும் தேவை ஒருபோதும் எழவில்லை என்றும் லெனாட் தம் வாழ்க்கை வரலாற்றிலே குறித்துள்ளார்.

இரண்டாவது நூல் கதறீன் மான்ஸ்ஃபீல்டின் நெடுங்கதை. 68 பக்கங்கொண்ட அதனைக் கோத்து முடிக்க 1918 யூலை வரை சென்றது. சிறுபொறி போதாமையால், அயலிலிருந்த ஓர் அச்சகத்தாரின் பொறியிலே லெனாட் தம் கையாற் பக்கங்களை அச்சிட்டார். படிகள் ஏறத்தாழ 300. 1919 மே மாதத்தில் ரி. எஸ். எலியற்றின் கவிதை நூலும், கியூ பூங்காவைப் பற்றிய வேர்ஜீனியாவின் சிறுகதையும் வெளிவந்தன. அச்சிறுகதை 150 படிகளே அச்சிடப்பட்டது. தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. அம்மாத இறுதியில் 'ரைம்ஸ்' பத்திரிகையின் இலக்கிய இணைப்பு அதனைப் பாராட்டி எழுதிற்று. வெளியூர் சென்றிருந்த தம்பதிகள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, படி வேண்டி வந்த கடிதங்கள் முன்கூடத்துத் தரையிற் பரவிக் கிடந்தன. இரண்டாம் பதிப்பான 500 படிகளை வெளி அச்சகமொன்றிற் கொடுத்தே அச்சிடுவிக்க நேர்ந்தது. 1920 இல் வெளியான, தோல்ஸ்தோயைப் பற்றிக் கோர்க்கி எழுதிய நினைவுக்குறிப்புக்களின் மொழிபெயர்ப்பு இன்னும் பெரிய வெற்றியாயிற்று. மாலைநேரப் பொழுதுபோக்கு ஒரு பதிப்பகமாக மாறத் தொடங்கியது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. சிறியதாயிருத்தல் சில வேளைகளிற் பேரிழப்புக்கும் ஏதுவாகும். 1918 ஏப்பிரலிலே ஹரியற் வீவர் என்னும் அம்மையார் ஜேம்ஸ் ஜோய்சின் 'யுலிசிஸ்' கையெழுத்துப் படியின் ஒரு பகுதியைக் கொண்டுவந்து, அதனை வெளியிட இயலுமா என்று வினவினார். ஒவ்வொரு பக்கமாகக் கையாற் கோத்து அச்சிடுவோர்க்கு அத்துணைப் பெரிய நூல் இயலாததொன்று. லெனாட் வெளி அச்சகத்தார் இருவரிடம் காட்டினார். வழக்குக்கு ஆளாகவேண்டி வரும் என அஞ்சி அவர்கள் மறுத்தனர். நூல் 1922 இற் பாரிசில் வெளியாயிற்று. அந்நூற்றாண்டின் தலைசிறந்த நூல்களுள் ஒன்று இவ்வாறு சிறிய அச்சகத்தின் வாயிலுக்கு வந்து திரும்பிச் சென்றது. வேர்ஜீனியாவுக்கு அந்நூல் முழு நிறைவை அளிக்கவில்லை என்பதும் உண்மையே. எனினும் பொறியின் சிறுமையும் சட்டத்தின் அச்சமுமே முதற் தடைகளாய் நின்றன.

இனி, சோதனை மற்றொரு திசையிலிருந்து வந்தது. நூல்கள் பெருகப் பெருக வேலையும் பெருகிற்று. 1920 இல் உதவிக்கு அமர்த்தப்பட்ட இளைஞராகிய ரல்ஃப் பாட்றிட்ஜுக்கும் லெனாட்டுக்கும் இணக்கம் குன்றியது. 1922 இல் அச்சகத்தின் எதிர்காலம் பற்றி முடிவொன்று எடுக்கவேண்டிய நிலை தோன்றிற்று. அவ்வேளையில், இலண்டனிற் பெயர்பெற்ற ஹைனமன் பதிப்பகத்தார் ஒரு திட்டத்தை முன்வைத்தனர். அச்சு, கணக்கு, விற்பனை ஆகிய வணிகப் பொறுப்புக்கள் யாவற்றையும் தாம் ஏற்பதாகவும், எந்நூலை வெளியிடுவது என்பதை வூல்ஃப் தம்பதிகளே தீர்மானிக்கலாம் எனவும் அவர்கள் கூறினர். பொதி கட்டும் வேலை இல்லை. கடை கடையாய் ஏறி இறங்கும் அலைச்சல் இல்லை. நட்டம் பற்றிய கவலையும் இல்லை. கேட்போர்க்கு இதைவிட இனிய ஏற்பாடு வேறில்லை என்றே தோன்றும். தம்பதிகள் ஆராய்ந்து, மறுத்துவிட்டனர்.

ஏன் மறுத்தனர்? தெரிவு செய்யும் உரிமை தாளிலே எழுதப்பட்டிருப்பினும், நட்டத்தைத் தாங்குபவனுடைய முகக்குறிப்பைப் பார்த்தே தெரிவு செய்யும் நிலை காலப்போக்கில் உண்டாகும். பணம் இட்டவன் வாய்திறந்து எதுவுங் கூறவேண்டியதில்லை. அவன் இருக்கின்றான் என்னும் நினைவே போதும். விலைபோகாது என்று தோன்றும் கவிதை நூலைக் கையில் எடுக்கும்போது, அந்நினைவு குறுக்கே வந்து நிற்கும். வேர்ஜீனியாவின் முதலிரு நாவல்களும் அவருடைய மாற்றாந்தமையனாகிய ஜெரால்ட் டக்வேத்தின் பதிப்பகத்திலே வெளிவந்தவை. பிறருடைய தீர்ப்புக்குத் தம் எழுத்தை ஒப்படைப்பது அவருக்குப் பெரும் வேதனையாயிருந்தது. 1922 ஒக்டோபரில் அவருடைய மூன்றாவது நாவல் ஹோகார்த் அச்சகத்திலே வெளிவந்தது. கதைக்கட்டு என்னும் பழைய வரம்பை முற்றாகக் கைவிட்ட முதல் நாவல் அதுவே. அதன்பின் இறுதிவரை அவருடைய நாவல்கள் யாவும் இங்கிலாந்தில் அங்கேயே வெளியாயின. விரும்பியதை விரும்பியவாறு எழுதும் உரிமை இந்நாட்டுப் பெண்களுள் தமக்கே வாய்த்தது என்னும் கருத்துப்பட அவர் 1925 இல் நாட்குறிப்பில் எழுதினார். ஒரு பெண் எழுத்தாளராவதற்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுண் வருமானமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று அவர் 1929 இல் வாதிட்ட நூலும் இவ்வச்சகத்தின் வெளியீடே.

உரிமையை விரும்புதல் எளிது; அதற்கு வேண்டிய பொருளை நாள்தோறும் தேடிக்கொள்ளுதலே அரிது. வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவு செல்லும் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்பது, வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் உணர்த்தும் கருத்து. குறளை அறியாத லெனாட் அதன் வழியே நடந்தார் எனலாம். தொடக்கத்தில் வாசகரை இரு வகுப்பினராகப் பதிவு செய்தனர். ஒரு வகுப்பினர் முன்பணம் செலுத்தி எல்லா வெளியீடுகளையும் பெறுவர். மற்றவர்க்கு ஒவ்வொரு நூலும் வெளியாகும்போது அறிவித்தல் அனுப்பப்படும். அதனால், அச்சிடும் முன்னரே விற்பனையின் ஒரு பங்கு உறுதியாயிற்று. இம்முறை 1923 வரை நிலவியது. படிகள் குறைந்த தொகையிலேயே அச்சிடப்பட்டன. எலியற்றின் 'பாழ்நிலம்' என்னும் நெடுங்கவிதையை வேர்ஜீனியா தம் கையாலே எழுத்துக் கோக்க, 1923 இல் ஏறத்தாழ 460 படிகள் வெளிவந்தன. பெரிய நூல்களை வெளி அச்சகங்களிற் கொடுத்தனர். சிறியவற்றைத் தாமே அச்சிட்டனர். 1921 இல் 70 பவுணுக்குச் சற்று மேற்பட்ட விலையில் வாங்கிய பழைய மிதிபொறி ஒன்றே அவர்கள் செய்த பெரிய கொள்முதல். 1924 இல் இலண்டனின் ராவிஸ்ரொக் சதுக்கத்துக்குக் குடிபெயர்ந்தபோது, வீட்டின் நிலவறையே அச்சகமாயிற்று. அங்கே நூற்கட்டுக்கள் குவிந்த பண்டகசாலை மூலையில் அமர்ந்தே வேர்ஜீனியா தம் நாவல்களை எழுதினார்.

அவர்கள் விலக்கிய மற்றொரு வழியும் கருதத்தக்கது. அக்காலத்துச் சிறிய அச்சகங்கள் பல, விலையுயர்ந்த தாளில் அழகிய பதிப்புக்களை வெளியிட்டுச் செல்வர்க்கு விற்றன. நூல் படிப்பதற்கே, பேழையில் வைத்துப் போற்றுவதற்கன்று என்பது லெனாட்டின் கொள்கை. அட்டைக்கு வண்ணத்தாள்களைத் தேடி எடுத்தனர். ஆயினும், விலையை வாசகர் கைக்கு எட்டுமாறே வைத்தனர். சிறியதாயிருத்தல் என்பது சிலர்க்கு மாத்திரம் உரியதாயிருத்தல் அன்று என்பதை இதனால் உணரலாம்.

இச்சிறிய அச்சகத்திலே நம் நாட்டுக்கும் இடங் கிடைத்தது. 1921 இல் லெனாட் எழுதிய கீழைத்தேயக் கதைகள் மூன்று ஒரு சிறு நூலாக 300 படிகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று முத்துக்குளிப்பைப் பற்றியது. மற்றொன்று யாழ்ப்பாணத்துப் பிராமணர் இருவரின் கதை. அவர்களுள் ஒருவர் மீன்பிடிக்க ஆசைப்படுகின்றார்; மற்றவர் கூலி கொடுக்க மனமின்றித் தம் கிணற்றைத் தாமே வெட்டி, மண்ணைத் தலையிற் சுமக்கின்றார். கையால் வேலை செய்தமையால் இருவரும் சாதிக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகின்றனர். உயர்கல்வி கற்று, ஆட்சிப்பணி புரிந்த ஒருவர், கைகளில் மை படிய அச்சுவேலை செய்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே இக்கதை நூலாக வெளிவந்தது என்பது எண்ணற்பாலது.

1924 இல் உளப்பகுப்பாய்வு நூல்வரிசையை ஏற்று, சிக்மன்ட் ஃபிராய்டின் ஆங்கில வெளியீட்டாளராக ஹோகார்த் அச்சகம் விளங்கத் தொடங்கியது. சிறிய பதிப்பகத்துக்கு இது துணிகரமான செயலே. ஆயினும் அந்நூல்கள் ஆண்டுதோறும் விலைபோய், நிலையான வருவாயாக அமைந்தன. 1930 இல் விற்றா சாக்வில் வெஸ்ற் எழுதிய நாவலொன்று பெருந்தொகையாக விற்றது. வேறொருவராயின் அவ்வூதியத்தைக்கொண்டு மாடிவீடு எடுத்து, அலுவலர் பலரை அமர்த்தியிருப்பர். வூல்ஃப் தம்பதிகளோ அவ்வாண்டு ஒக்டோபரில், அச்சகத்தையே நிறுத்திவிடலாமா என்று ஆலோசித்தனர். வந்து குவியும் கையெழுத்துப் படிகளை வாசிப்பதிலே வேர்ஜீனியாவின் எழுத்து நேரம் கரைந்துகொண்டிருந்தது. எந்த உரிமைக்காகத் தொழில் தொடங்கப்பட்டதோ அவ்வுரிமையையே அத்தொழில் விழுங்கிவிடுமோ என்னும் அச்சம் அவர்களை விட்டு நீங்கவில்லை. ஈற்றில் நிறுத்தவுமில்லை, பெருக்கவுமில்லை.

இவ்வாழ்வு இன்பமயமானதென்று எண்ணுதல் தவறு. உதவியாளராய் வந்த இளைஞர் ஒருவர்பின் ஒருவராய் விலகினர். ஊதியம் குறைவு, இடம் நெருக்கம், லெனாட் ஒரு பென்ஸ் பிழைத்தாலும் பொறுக்கமாட்டார். மேலும், தம்பதிகள் தம் உணவுக்கு அச்சகத்தை நம்பியிருக்கவில்லை. வேர்ஜீனியாவுக்கு மரபுவழிச் சொத்திலிருந்து சிறு வருமானம் இருந்தது. லெனாட் பத்திரிகைத் தொழிலாற் பொருளீட்டினார். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழியில்லாத ஒருவர் இவர்களைப் போல் ஊதியத்தை மறுத்துத் தொழில் நடத்தல் எளிதன்று. இதனைக் கூறாது விடின் வரலாறு நீதிக்கதையாகிவிடும்.

1931 இல் அச்சகத்திற் பயிலவந்த ஜோன் லேமன் என்னும் இளங்கவிஞர் அடுத்த ஆண்டு விலகி, 1938 இல் வேர்ஜீனியாவின் அரைப்பங்கை 3,000 பவுணுக்கு வாங்கிப் பங்காளியாக மீண்டார். போர் மூண்டது. 1940 இற் குண்டுவீச்சால் இலண்டன் இடம் சிதைய, அச்சகம் லெச்வேத் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. 1941 மார்ச் 28 இல் வேர்ஜீனியா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். போருக்கு முன் பயன்படுத்திய தாளின் அளவைக்கொண்டே பதிப்பகங்களுக்குத் தாள் பங்கிடப்பட்டமையால், சிறிய பதிப்பகத்துக்குச் சிறிய பங்கே கிடைத்தது. போர் முடிந்ததும் தொழிலை விரிவாக்க லேமன் விரும்பினார், லெனாட் இசையவில்லை. 1946 இற் கூட்டு முறிந்தது. லேமனின் பங்கைச் சற்றோ அன்ட் வின்டஸ் பதிப்பகத்தார் வாங்கினர். நூல்களைத் தெரியும் பொறுப்பு லெனாட்டிடமே நிலைத்தது. முன்னர் ஹைனமனுக்கு மறுத்த வகையான துணையை அறுபத்தைந்தாம் வயதில் அவர் ஏற்றார் எனலாம். மனைவியை இழந்து தனித்த ஒருவருக்கு அது வேண்டியதாயிற்று.

லேமன் தம் பெயரிலே புதிய பதிப்பகம் நிறுவி, நல்ல நூல்கள் பலவற்றைச் சிறப்புற வெளியிட்டார். ஆயின், அதன் முதலாதிக்கம் காலப்போக்கில் ஓர் அச்சு நிறுவனத்தின் கையிற் சேர்ந்தது. 1952 ஆம் ஆண்டு முடிவில் அந்நிறுவனத்தார் ஆதரவை விலக்கவே, தாம் வளர்த்த பதிப்பகத்தை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. லேமனின் தெரிவிலே குறையிருந்ததன்று. பணம் பிறருடையதாயிருந்ததே குறை.

லெனாட் 1960 இல் மீண்டும் இலங்கைக்கு வந்து, தாம் பணிபுரிந்த இடங்களைக் கண்டு சென்றார். அம்பாந்தோட்டையில் அவர் எழுதிய அலுவலகக் குறிப்பேடுகளை 1963 இல் ஹோகார்த் அச்சகமே இலண்டனில் வெளியிட்டது. 1969 இல் அவர் காலமானார். 1987 இற் சற்றோ நிறுவனமும் பெருநிறுவனமொன்றுக்குக் கைமாறவே, ஹோகார்த் என்பது அதன் பெயர்களுள் ஒன்றாயிற்று. ஆகவே, சிறியதாயிருந்தமையால் அச்சகம் என்றும் தனித்து நிலைபெற்றது என்று கூறுதற்கில்லை. 1917 முதல் 1946 வரை 500 க்கும் மேற்பட்ட நூல்கள் அங்கு வெளியாயின. அவற்றுள் 30 க்கும் மேற்பட்டவை அவ்விருவரும் தம் கைகளால் அச்சிட்டவை. பெரிய பதிப்பகத்தார் தயங்கியிருக்கக்கூடிய நூல்கள் அவற்றுட் பல. எதனை வெளியிடுவது என்னும் வினாவுக்கு, வேண்டிய காலத்திலே, பிறர் முகம் பாராது விடை கூற அவர்களால் இயன்றது. கலைத்தொழிலைத் தொடங்குவோர் எவ்வளவு பெருக்கலாம் என்று கணக்கிடுமுன், எதனைக் காத்தற்பொருட்டு அதனைத் தொடங்குகின்றோம் என்பதைத் தெளிதல் வேண்டும். அத்தெளிவு பிறந்தபின், வேண்டிய அளவு இதுவென்பது தானே விளங்கும்.